வார்சாவிலிருந்து கதான்ஸ்க் வரை: ஆந்த்ரே வாஜ்தாவின் ஊர்களில்

வியாழன், வார்சா

இந்தப் பயணம் முழுக்கப் போலந்துத் திரைப்பட இயக்குநர் ஆந்த்ரே வாஜ்தாவின் படங்களுக்குப் பின்னாலேயே போகப்போகிறேன். கோட்டை, அரண்மனை, உப்புச் சுரங்கம் எல்லாம் வழியில் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி. 1955இல் முதல் படம், 2016இல் கடைசிப் படம். நடுவில் இருக்கிற அறுபது வருடத்தில் போர், ஆக்கிரமிப்பு, ஸ்டாலின் காலம், வேலைநிறுத்தம், ராணுவச் சட்டம் என்று போலந்து பட்ட பாடு அத்தனையையும் அவர் படமாக்கியிருக்கிறார், அதில் பெரும்பகுதி தணிக்கை அதிகாரிகள் திரைக்கதையை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்த காலத்தில். என்னை இழுப்பது ஒரு விஷயம்தான். சொல்ல விடாத ஒன்றை அவர் அப்படியே கைவிட்டுவிடவில்லை. வைத்திருந்து, பத்து வருடமோ ஐம்பது வருடமோ கழித்துச் சொன்னார்.

காலையில் வோலா பகுதிக்குப் போனேன். டிராம் வண்டிகளுக்கு மின்சாரம் கொடுத்த பழைய நிலையத்தில்தான் வார்சா எழுச்சி அருங்காட்சியகம் இருக்கிறது, 2004இல் திறந்தார்கள். 1944 ஆகஸ்ட் 1 அன்று போலந்தின் தலைமறைவுப் படையான உள்நாட்டுப் படை ஜெர்மானியருக்கு எதிராக எழுந்தது, 63 நாள் தாக்குப்பிடித்து அக்டோபர் 2 அன்று சரணடைந்தது. செத்த பொதுமக்கள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. அதற்கு அப்புறமும் விடாமல், நின்றுகொண்டிருந்த வீடுகளைத் தெருத் தெருவாக வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த எழுச்சியின் கடைசி வாரங்களில் விஸ்துலா ஆற்றின் அக்கரையில் சோவியத் படை வந்து நின்றுவிட்டது, ஆனால் ஊரைக் காப்பாற்ற ஆற்றைத் தாண்டி முழு பலத்தோடு வரவில்லை.

அருங்காட்சியகத்துக்குள் சாக்கடைக் குழாய் ஒன்றை மாதிரிக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள், குனிந்து உள்ளே போய் மறுபக்கம் வரலாம். காய்ந்து சுத்தமாக இருக்கிறது, நாற்றமும் இல்லை தண்ணீரும் இல்லை, இருந்தாலும் இருட்டில் முன்னால் போகிறவரின் முதுகு மறையும்போது நெஞ்சு கொஞ்சம் இறுகத்தான் செய்கிறது. 'கனால்' படத்தின் பாதிக்கு மேல் இப்படிக் குழாய்க்குள் நடக்கிறது. 1957இல் வந்த படம். மொகோதூவ் பகுதியில் சுற்றி வளைக்கப்பட்ட ஒரு சிறு படைப்பிரிவு, நகரின் நடுப்பகுதிக்குத் தப்பிப்போகச் சாக்கடைக்குள் இறங்குகிறது. அவர்கள் வாழ்க்கையின் கடைசி மணி நேரங்களைத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்று படம் தொடங்கும்போதே ஒரு குரல் சொல்லிவிடுகிறது. ஆகவே தப்பிப்பார்களா என்று காத்திருக்க வழியில்லை, எப்படிச் சாகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரைக்கதை எழுதிய யெர்சி ஸ்தாவின்ஸ்கி அந்த எழுச்சியில் சண்டை போட்டவர், தானே அந்தச் சாக்கடை வழியாகப் போனவர். நாற்றத்தில் புத்தி பேதலித்து ஒகரினா ஊதிக்கொண்டே இருட்டில் நடந்துபோகிற இசையமைப்பாளன் மாதிரி ஒரு காட்சியெல்லாம் அந்த அனுபவம் இல்லாமல் எழுத வராது என்றுதான் நினைக்கிறேன்.

மதியம் க்ராசின்ஸ்கி சதுக்கம் போனேன். எழுச்சிக்கான பெரிய நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது, 1989இல் வைத்தது. ஒரு பக்கம் இடிந்து விழும் சுவருக்கடியிலிருந்து பாய்ந்து வருகிற வீரர்கள், இன்னொரு பக்கம் சாக்கடைத் துளைக்குள் இறங்குகிறவர்கள். பழைய நகரம் விழுந்தபோது இந்தப் பக்கத்துத் துளை வழியாகத்தான் 5,000க்கும் மேற்பட்டவர்கள் இறங்கிப்போனார்கள். எழுச்சிக்கு நாட்டின் தலைநகரில் இப்படி ஒரு சின்னம் வைக்க 45 வருடம் ஆகியிருக்கிறது. போருக்குப் பிந்தைய முதல் வருடங்களில் உள்நாட்டுப் படையில் இருந்தவர்களைச் சிறையில் போட்டார்கள், சிலரைத் தூக்கிலும் போட்டார்கள். வாஜ்தாவும் பதினாறு வயதில் அந்தப் படையில் சேர்ந்தவர்தான்.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தேன், அக்கரையைப் பார்ப்பதற்காகவே. 'கனால்' படத்தில் ஸ்தொக்ரோத்கா என்கிற பெண் காயம்பட்ட கொராபைத் தூக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் கடைசியில் வெளிச்சம் தெரிகிற இடத்துக்கு வந்துசேர்கிறாள். கம்பி போட்டிருக்கிறது. கம்பிக்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் ஒரு கரை, அவ்வளவுதான் திரையில் இருக்கிறது. கேமரா கொஞ்ச நேரம் அந்தக் கரையையே காட்டுகிறது. அங்கே யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை, சொல்லியிருந்தால் படம் வெளியே வந்திருக்காது. 1957இல் வார்சாவில் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். வெறும் ஆற்றையும் கரையையும் தணிக்கை அதிகாரி எந்தச் சட்டத்தைக் காட்டி வெட்டுவார்? அந்த வருடம் கான் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஊரில் முதலில் வரவேற்பு குறைவுதான். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் சாக்கடையில் சாகிறவர்களைப் பார்க்க விரும்பவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளி, வார்சா

இன்றும் வோலாதான். வாஜ்தாவின் முதல் படம் 'ஒரு தலைமுறை' நடக்கிற இடம் இது. ஆக்கிரமிப்புக் காலத்துத் தொழிலாளர் குடியிருப்பு, கம்யூனிஸ்ட் இளைஞர்கள், ஜெர்மானியர் துரத்த மாடிப்படிச் சுருளின் உச்சிக்கு ஓடி வழியில்லாமல் குதிக்கிற யாஷ்யோ. இளம் ரோமன் போலான்ஸ்கியும் அதில் ஒரு சிறு வேடத்தில் இருக்கிறார். எடுத்த விதம் புதிது, ஆனால் சொல்லுகிற கதையில் கட்சியின் கை அப்படியே தெரிகிறது, உள்நாட்டுப் படைக்காரர்களை மோசமானவர்களாகக் காட்டுகிறது. இரண்டே வருடத்தில் அவர்களுடைய சாவையே 'கனால்' என்று எடுத்திருக்கிறார். ஸ்டாலின் இறந்தபிறகு காற்று கொஞ்சம் மாறியிருந்தது, மாறின அளவுக்கு அவர் உடனே முன்னால் போனார்.

யாக்தொரோவ்ஸ்கா தெருவில் யானுஷ் கொர்சாக் நடத்திய அனாதை இல்லத்தின் கட்டடம் இன்னும் நிற்கிறது, முன்னால் அவருடைய மார்பளவுச் சிலை. போரில் தப்பிய கட்டடம், குழந்தைகள்தான் தப்பவில்லை. 1940இல் அவர்களை இங்கிருந்து யூதச் சேரிக்குள் தள்ளினார்கள். 1942 ஆகஸ்டில் கொர்சாக்கையும் உடன் பணியாற்றியவர்களையும் ஏறக்குறைய 200 குழந்தைகளையும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். அதற்குச் சில வாரம் முன்பு, ஜூலையில், அந்தக் குழந்தைகள் தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை நடித்திருக்கிறார்கள். சாகப்போகிற சிறுவன் ஜன்னலருகே உட்கார்ந்து வெளியுலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாடகம். கொர்சாக் அதை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்.

வாஜ்தா 1990இல் எடுத்த 'கொர்சாக்' படத்தின் முடிவு பெரிய சர்ச்சையானது. ரயில்பெட்டி கழன்று நிற்க, குழந்தைகள் கொடியோடு குதித்து மூடுபனிக்குள் போகிறார்கள். விஷவாயுவில் செத்தவர்களை இப்படி மென்மையாகக் காட்டலாமா என்று பிரான்சில் கடுமையாகத் தாக்கினார்கள். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், எனக்கும் அந்த முடிவு ஒட்டவில்லை. ஆனால் அதற்கு முந்தைய காட்சி, வரிசையாகக் குழந்தைகள் தெருவில் நடந்துபோவது, அதைப் பார்த்தவர்களுக்கு இங்கே நடப்பது சுலபமில்லை. மாலையில் வேறு எங்கும் போகவில்லை.

சனி, வூச்

வார்சாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். தர்கோவா தெருவில் திரைப்படப் பள்ளி இருக்கிறது. க்ராக்கோவில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த வாஜ்தா 1949இல் அதை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். போலான்ஸ்கி, கீஸ்லோவ்ஸ்கி எல்லாம் பின்னால் வந்தவர்கள். திரைப்பட அருங்காட்சியகத்தைக் கார்ல் ஷைப்லர் என்கிற ஆலை முதலாளியின் மாளிகையில் வைத்திருக்கிறார்கள். மரச் செதுக்கு வேலையும் வண்ணக் கண்ணாடியுமாக ஒவ்வொரு அறையும் ஒரு தினுசு.

'வாக்களிக்கப்பட்ட பூமி' படத்துக்கு இந்த ஊரே செட். ரெய்மாண்ட் நாவலை வைத்து 1975இல் வந்தது. ஒரு போலந்துக்காரன், ஒரு ஜெர்மானியன், ஒரு யூதன், மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆலை கட்டுகிறார்கள். பணத்துக்காக ஒவ்வொன்றாக எதையெல்லாம் விற்கிறார்கள் என்பதுதான் கதை. கடைசியில் வேலைநிறுத்தம் செய்கிறவர்களைச் சுடச்சொல்லிப் போலந்து முதலாளியே சைகை காட்டுகிறான். எழுபதுகளில்கூட இங்கே நூறு வருடப் பழைய ஆலைகள் அதே தறிகளோடு ஓடிக்கொண்டிருந்தன, கேமராவைக் கொண்டுபோய் வைத்தால் போதும் என்ற நிலை. கம்யூனிஸ்ட் அரசு இதை முதலாளித்துவ எதிர்ப்புப் படமாகப் பார்த்து மகிழ்ந்திருக்கும். தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு என்றதும் ஐந்து வருடத்துக்கு முன் கடற்கரை ஊர்களில் தங்கள் அரசே சுட்டது ஜனங்களுக்கு நினைவு வராமல் இருந்திருக்குமா? எனக்கு வந்தது. போஸ்னான்ஸ்கியின் பெரிய ஆலை இப்போது மனுஃபக்தூரா என்கிற வணிக வளாகம், சிவப்புச் செங்கல் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டம், குழந்தைகள் ஐஸ்க்ரீம் தின்றுகொண்டிருந்தார்கள்.

நான் இந்த ஊருக்கு வர இன்னொரு காரணம் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிற நியோபிளாஸ்டிக் அறை. வ்வாதிஸ்வாவ் ஸ்ட்ஷெமின்ஸ்கி வடிவமைத்தது, 1948. சுவரிலும் கூரையிலும் சிவப்பு, மஞ்சள், நீலச் சதுரங்கள், நடுவில் கதாஷினா கொப்ரோவின் சிற்பங்கள். 1950இல் இது சோஷலிசக் கலைக்கு விரோதம் என்று சொல்லிப் பூசி அழித்தார்கள், 1960இல் மறுபடி அமைத்தார்கள். ஸ்ட்ஷெமின்ஸ்கி முதல் உலகப் போரில் ஒரு கையும் ஒரு காலும் போனவர். கலை ஆசிரியரான அவரைத் தான் உருவாக்கிய கல்லூரியிலிருந்தே வெளியேற்றினார்கள், 1952 டிசம்பரில் வறுமையில், காசநோயில் செத்தார். வாஜ்தாவின் கடைசிப் படமான 'பின்பிம்பம்' இவரைப் பற்றியது. ஸ்ட்ஷெமின்ஸ்கி வெள்ளைத் துணியில் வரைய உட்கார்ந்திருக்கும்போது, ஸ்டாலின் படம் போட்ட பெரிய சிவப்புப் பதாகை ஜன்னலை மறைத்து மேலேறுகிறது, அறை முழுக்கச் சிவப்பாகிவிடுகிறது. அவர் ஊன்றுகோலால் பதாகையைக் கிழித்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறார், போலீஸ் வருகிறது. அந்தக் காலத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை. படம் டொரன்டோ விழாவில் 2016 செப்டம்பரில் திரையிடப்பட்டது, அக்டோபர் 9 அன்று வாஜ்தா இறந்தார், வயது 90. மாணவனாக இருபது வயதுகளில் கண்ணால் பார்த்த கொடுமையைத் தொண்ணூறில் எடுத்து முடித்திருக்கிறார்.

ஞாயிறு, வ்ரோட்ஸ்வாவ்

மழை. ரயில் நிலையத்தில் இறங்கியதும் மூன்றாவது நடைமேடைக்குப் போனேன். தரையில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள், 'சாம்பலும் வைரமும்' படத்தின் நாயகன் ஸ்பிக்னியெவ் சிபுல்ஸ்கிக்காக. 1967 ஜனவரி 8 அதிகாலையில் புறப்பட்டுவிட்ட வார்சா ரயிலில் தாவி ஏறப்போய் இந்த இடத்தில் விழுந்து செத்தார், 39 வயது. ஓடுகிற ரயிலில் ஏறுவது அவருக்குப் பழக்கமாம். பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் பலகையைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒரு அம்மா நின்று அதை மகனுக்குப் படித்துக் காட்டினார்.

'சாம்பலும் வைரமும்' பெரும்பாலும் இந்த ஊரில் எடுக்கப்பட்டது. 1945 வரை ஜெர்மனியின் ப்ரெஸ்லாவாக இருந்து, முற்றுகையில் சிதைந்து போலந்திடம் வந்த ஊர். படம் எடுத்த 1958இலும் இடிபாடுகளுக்குப் பஞ்சமில்லை. நூற்றாண்டு மண்டபத்துக்குப் பக்கத்தில் பழைய ஸ்டுடியோ இருக்கிறது, நனைந்துகொண்டே போய் வெளியிலிருந்து பார்த்தேன்.

கதை போர் முடிகிற ஒரே ராத்திரியில் நடக்கிறது. உள்நாட்டுப் படையைச் சேர்ந்த மாச்செக், ஊருக்கு வருகிற கம்யூனிஸ்ட் செயலாளர் ஷ்சூகாவைக் கொல்ல அனுப்பப்பட்டவன். காலையில் தவறான ஆட்களைச் சுட்டுவிட்டான். ராத்திரி ஹோட்டலில் மதுக்கடையில் நிற்கிற க்ரிஸ்டினாவிடம் மனம் போகிறது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படிக்கப்போகலாம் என்று முதல்முறையாகத் தோன்றுகிறது. ஆனாலும் சுடுகிறான். சுடப்பட்ட கிழவர் அவன் மேலேயே சாய, அப்பாவைத் தாங்குகிற பிள்ளை மாதிரி அவரைப் பிடித்துக்கொள்கிறான், பின்னால் வானத்தில் வெற்றிக் கொண்டாட்ட வாணங்கள் வெடிக்கின்றன. விடிந்ததும் அவனும் குண்டுபட்டு, குப்பைமேட்டில் சுருண்டு சாகிறான்.

சிபுல்ஸ்கி 1945இன் உடையைப் போட மறுத்து, தன்னுடைய ஜாக்கெட்டோடும் கறுப்புக் கண்ணாடியோடும் நடித்தார். அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வைத்தார்கள்: எழுச்சியின்போது சாக்கடையில் ரொம்ப நாள் இருந்ததால் கண் கெட்டுவிட்டது. 'கனால்' படத்தில் ஒருவன் உயிரோடு மேலே வந்திருந்தால் இவனாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். இதே மாச்செக்கும் நண்பனும் மதுக்கடையில் கோப்பைக் கோப்பையாக மதுவுக்குத் தீ வைத்து, செத்துப்போன தோழர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிற காட்சிக்காக மட்டுமே இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

குப்பைமேட்டு முடிவுதான் படத்தைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் கணிப்பு. கட்சிக்காரர்கள் பார்வையில், அரசை எதிர்த்தவன் வரலாற்றின் குப்பையில் விழுந்தான், சரியான தண்டனை. கொட்டகையில் இருந்த ஜனங்களோ, நம் பிள்ளையைக் குப்பையில் சாகவிட்டார்களே என்று அழுதார்கள். ஒரே காட்சியை இரண்டு பக்கமும் தனக்கென்று எடுத்துக்கொண்டது. வாஜ்தா ஷ்சூகாவையும் நல்ல மனிதராகத்தான் காட்டுகிறார், களைத்துப்போன, மகனைத் தேடுகிற கிழவர். யாரைக் கொன்றாலும் வலிக்கிற மாதிரி எடுத்திருப்பதுதான் இந்தப் படத்தை ஒரு கட்சியும் முழுதாக விழுங்க முடியாததற்குக் காரணம்.

திங்கள், க்ராக்கோவ்

மாலையில் சல்வாதோர் கல்லறைத் தோட்டம், டிராம் கடைசி நிறுத்தத்திலிருந்து மேலே ஏற வேண்டும். வாஜ்தா குடும்பக் கல்லறையில் இருக்கிறார். எழுத்தாளர் ஸ்தனிஸ்வாவ் லெம் கல்லறையும் இங்கேதான். மெழுகு விளக்கு ஒன்று வாங்கி வைத்தேன், இங்கே அதுதான் வழக்கம்.

செவ்வாய், க்ராக்கோவ்

காலையில் டிராமில் நோவா ஹூட்டா. க்ராக்கோவுக்குப் பக்கத்தில் 1949இல் தொடங்கி வெறும் வயலில் எழுப்பிய தொழிலாளர் நகரம், லெனின் பெயரில் உருக்காலை. அகலமான தெருக்கள் மத்திய சதுக்கத்திலிருந்து விசிறியாக விரிகின்றன, மரங்கள் இப்போது வீடுகளின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. இருப்பதற்கு நல்ல இடமாகத்தான் தெரிகிறது. சதுக்கத்துக்கு இப்போது ரொனால்ட் ரேகன் பெயர், லெனின் சிலையை 1989இல் எடுத்துவிட்டார்கள்.

'பளிங்கு மனிதன்' படத்தின் பிர்குத் இங்கே செங்கல் அடுக்கியவன். ஒரு ஷிஃப்டில் 30,000க்கு மேல் செங்கல் வைத்துச் சாதனை படைக்கிறான், செய்திப்படத்தில் வருகிறான், அவனைப் பளிங்கில் செதுக்குகிறார்கள். பியோத்ர் ஓஷான்ஸ்கி என்று நிஜமாகவே நோவா ஹூட்டாவில் சாதனை படைத்த கொத்தனார் ஒருவர் இருந்தார், கதைக்கு அவர்தான் தூண்டுதல். வேறொரு ஊரில் சாதனையைத் திரும்பச் செய்து காட்டும்போது யாரோ பழுக்கக் காய்ந்த செங்கலைக் கையில் கொடுத்துவிட, பிர்குத்தின் கை வெந்துபோகிறது. அவனுடைய நண்பனைச் சதிகாரன் என்று பிடிக்கிறார்கள், நண்பனுக்காகப் போய்க் கேட்ட இவனும் உள்ளே போகிறான், சிலையும் அருங்காட்சியகக் கிடங்குக்குப் போகிறது. இருபது வருடம் கழித்து ஆக்னியெஷ்கா என்கிற திரைப்பட மாணவி அந்தச் சிலையைக் கிடங்கில் கண்டுபிடித்து, இவன் யார், என்ன ஆனான் என்று தோண்டத் தொடங்குகிறாள். க்ரிஸ்டினா யாண்டாவுக்கு முதல் படம். ஜீன்ஸும் நீள நடையும் சிகரெட்டுமாக அவர் ஒவ்வொரு அதிகாரியையும் துரத்துவது அப்படி ஒரு வேகம்.

அலெக்சாண்டர் ஷ்சிபோர்-ரில்ஸ்கி இந்தத் திரைக்கதையை அறுபதுகளின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அனுமதி இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து 1976இல் எடுத்தார்கள். அனுமதி கொடுத்த கலாச்சார அமைச்சர் யூசெஃப் தேய்ஹ்மா தானே இளைஞனாக நோவா ஹூட்டாவில் வேலை செய்தவர். 1977இல் படம் வந்தபோது டிக்கெட்டுக்கு வரிசை நீண்டது, அரசு பயந்து திரையிடலைக் குறைத்தது. கதான்ஸ்க் திரைப்பட விழாவில் அதிகாரபூர்வமான பரிசு எதுவும் கொடுக்கவில்லை, பத்திரிகையாளர்கள் வெளியே மாடிப்படியில் வைத்து வாஜ்தாவுக்கு ரிப்பன் கட்டிய ஒரு செங்கல்லைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

படத்தின் முடிவில் ஒரு காட்சியைத் தணிக்கை வெட்டியது. ஆக்னியெஷ்கா கதான்ஸ்க் போய் பிர்குத்தின் கல்லறையைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை. அவன் 1970 டிசம்பரில் அங்கே சுடப்பட்டவர்களில் ஒருவன் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும், அதனால் வெட்டு. இதை நினைவில் வைத்திருங்கள், நாளன்றைக்கு வேண்டும்.

மதியம் ஆற்றங்கரையில் மங்கா அருங்காட்சியகம், வாவெல் கோட்டைக்கு எதிரே அலை அலையாகக் கூரை. 1944இல் ஜெர்மன் ஆளுநர் ஹன்ஸ் ஃப்ராங்க் க்ராக்கோவில் ஜப்பானியக் கலைப்பொருட்களைக் காட்சிக்கு வைத்தார், பதினெட்டு வயது வாஜ்தா துணிந்து போய்ப் பார்த்தார். 1987இல் கியோத்தோ பரிசு கிடைத்ததும் அந்தச் சேகரிப்புக்கென்று ஒரு வீடு கட்ட அந்தப் பணத்தை அப்படியே கொடுத்துவிட்டார், அராட்டா இசோசாகி வடிவமைக்க 1994இல் திறந்தார்கள். ஹொகுசாய் அச்சுகளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

புதன், ரயிலில்

க்ராக்கோவிலிருந்து கதான்ஸ்க் வரை நாட்டின் தெற்கிலிருந்து வடக்குக் கோடிக்கு, ஐந்து மணி நேரத்துக்கு மேல். மடிக்கணினியில் 'லோட்னா' பார்த்தேன், 1959. 1939 செப்டம்பரின் குதிரைப்படை, ஒரு வெள்ளைக் குதிரை கை மாறி மாறிப் போகிறது. ஒவ்வொரு சட்டகமும் ஓவியமாக இருக்கிறது, ஆனால் வாளை உருவிக்கொண்டு டாங்கி மேல் பாய்கிற காட்சி வரலாற்றில் இல்லாத ஒன்று. க்ரோயன்டி சண்டைக்குப் பிறகு ஜெர்மன் பிரச்சாரம் பரப்பிய கட்டுக்கதை அது. அதை ஒரு போலந்து இயக்குநர், அதுவும் ராணுவ அதிகாரியின் மகன் எடுத்தது பலருக்கு ஆறாத கோபம். வாஜ்தாவுக்கே இந்தப் படத்தில் திருப்தி இல்லை, திரும்ப எடுக்க ஆசைப்பட்டார். அழகில் மயங்கி உண்மையை விட்ட இடம் என்றுதான் எனக்கும் படுகிறது.

வியாழன், கதான்ஸ்க்

கப்பல் கட்டும் தளத்தின் இரண்டாம் எண் வாயில். நீலக் கம்பிக் கதவில் பூ, கொடி, போப்பாண்டவர் படம். பக்கத்தில் 42 மீட்டர் உயரத்துக்கு மூன்று சிலுவைகள், ஒவ்வொன்றிலும் நங்கூரம். 1970 டிசம்பரில் விலையுயர்வை எதிர்த்துத் தெருவில் இறங்கிய தொழிலாளிகளைக் கதான்ஸ்கிலும் க்தினியாவிலும் ஷ்செச்சினிலும் சுட்டார்கள், 40க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களுக்கு நினைவுச்சின்னம் வைக்க வேண்டும் என்பது 1980 ஆகஸ்ட் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, பத்தாவது வருட நினைவு நாளில் வைத்தே விட்டார்கள்.

அதைத் தாண்டித் துருப்பிடித்த இரும்புத் தகடு போர்த்திய பெரிய கட்டடம், அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த தொழிற்சங்கத்தின் பெயரில் ஐரோப்பிய சாலிடாரிட்டி மையம், 2014இல் திறந்தது. 21 கோரிக்கைகளைக் கையால் எழுதிய மரப்பலகைகளின் கதையும், தொழிலாளிகளின் தலைக்கவசங்கள் கூரையில் அடுக்கியிருப்பதும், பார்த்து முடிக்க ஒரு நாள் போதாது.

வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது வாஜ்தா இங்கே வந்தார். அப்போது ஒரு தொழிலாளி, எங்களைப் பற்றிப் படம் எடுங்கள், 'இரும்பு மனிதன்' என்று பெயர் வையுங்கள் என்று கேட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் கேட்டு எடுத்த ஒரே படம் இது என்றும் சொன்னார். சில மாதத்தில் எழுதி, எடுத்து, 1981 மே மாதம் கான் விழாவுக்குக் கொண்டுபோனார், முதல் பரிசான தங்கப் பனை கிடைத்தது. பிர்குத்தின் மகன் மாச்செக் தொம்சிக்தான் நாயகன், அப்பா மகன் இருவராகவும் நடித்தது யெர்சி ராட்சிவிவோவிச். வேலைநிறுத்தத்தை நடத்திய லெக் வலேசாவும் அன்னா வாலென்டினோவிச்சும் தாங்களாகவே வருகிறார்கள். நிஜமான வேலைநிறுத்தப் படத்துண்டுகளும் நடித்த காட்சிகளும் கலந்திருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை சொன்ன அந்த வெட்டுப்பட்ட கல்லறைக் காட்சி இந்தப் படத்தில் திரும்ப வந்துவிட்டது. நான்கு வருடம் முன்னால் ஒளித்துவைக்கச் சொன்ன பிர்குத்தின் சாவைத் திரையில் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நேற்று ரயிலில் இரண்டு காட்சியையும் அடுத்தடுத்துப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது.

கலையாக எடுத்துக்கொண்டால் 'பளிங்கு மனிதன்' இதைவிட மேலான படம். இதில் அவசரம் தெரிகிறது, நல்லவர்கள் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள். ஆனால் விங்கெல் என்கிற குடிகார ரேடியோ நிருபன், மாச்செக்கைப் பற்றி அவதூறு சேகரிக்க அரசு அனுப்பியவன், பயமும் வெட்கமுமாக நடமாடுகிற அந்த ஆள் மிக உண்மையான பாத்திரம். கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி எல்லோரும் ஆடிப்பாடும்போது ஒரு அதிகாரி அவனிடம் வந்து, கட்டாயத்தில் போட்ட கையெழுத்து செல்லாது என்கிறான். 1981 கோடையில் படம் போலந்தில் ஓடியது. டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது, படத்தைத் தடைசெய்தார்கள், வலேசாவைக் காவலில் வைத்தார்கள். 1983இல் வாஜ்தாவைத் திரைப்படக் கலைஞர்கள் சங்கத் தலைமையிலிருந்து விலக வைத்து, அவருடைய 'எக்ஸ்' தயாரிப்புக் குழுவையும் கலைத்தார்கள். அந்த நேரம் அவர் பிரான்சுப் பணத்தில் 'தாந்தோன்' எடுத்து முடித்திருந்தார், புரட்சி தன் ஆட்களையே கில்லட்டினுக்கு அனுப்புகிற கதை. போலந்தில் அதை யாரும் பிரான்சு வரலாறாக மட்டும் பார்க்கவில்லை.

வலேசாவைப் பற்றி 2013இல் எடுத்த படம் எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வெள்ளி, வார்சா

சிட்டாடல் கோட்டைக்குள் காத்தின் படுகொலைக்கான அருங்காட்சியகம். 1940 மார்ச் 5 அன்று ஸ்டாலினும் மற்றவர்களும் கையெழுத்திட்ட உத்தரவுப்படி, அந்த வசந்தத்தில் சோவியத் ரகசியப் போலீஸ் ஏறக்குறைய 22,000 போலந்துக் கைதிகளைப் பின்மண்டையில் சுட்டுக் குழிகளில் போட்டது. அதிகாரிகள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள். குழிகளிலிருந்து எடுத்த பொருட்கள் இங்கே சுவர் முழுக்க இருக்கின்றன: பொத்தான், கரண்டி, மூக்குக்கண்ணாடி, சிகரெட் பெட்டி.

வாஜ்தாவின் அப்பா, கேப்டன் யாக்குப் வாஜ்தா, கொல்லப்பட்டவர்களில் ஒருவர், ஹார்கிவ் பக்கம். 1943இல் ஜெர்மானியர் குழிகளைத் தோண்டிப் பெயர்களை வெளியிட்டபோது வாஜ்தா என்று ஒரு பெயர் வந்தது, ஆனால் முதற்பெயர் கரோல் என்று இருந்தது. யாக்குப் இல்லையே, அப்படியானால் உயிரோடு இருக்கலாம். அம்மா அனியேலா அந்த நம்பிக்கையிலேயே காத்திருந்து 1950இல் இறந்தார். ஜெர்மானியர்தான் கொன்றார்கள் என்பது சோவியத்தின் பொய், போலந்து அரசும் அதையே நாற்பது வருடத்துக்கு மேல் சொன்னது. 1990 ஏப்ரலில்தான் கோர்பச்சேவ் காலத்தில் மாஸ்கோ ஒப்புக்கொண்டது.

அதாவது 'கனால்' எடுத்தபோதும், மாச்செக்கைக் குப்பைமேட்டில் சாகவிட்டபோதும், பிர்குத்தின் கல்லறையைத் தணிக்கை வெட்டியபோதும் இவருக்குத் தன் அப்பாவின் சாவைப் பொதுவில் சொல்ல உரிமை இல்லை. அக்கரையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்த அந்தக் கேமராவை இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

'காத்தின்' 2007 செப்டம்பர் 17 அன்று வார்சாவின் பெரிய அரங்கில் முதலில் திரையிடப்பட்டது. 1939இல் சோவியத் படை உள்ளே நுழைந்த அதே தேதி. அவருக்கு 81 வயது. படம் ஒரு பாலத்தில் தொடங்குகிறது, ஜெர்மானியரிடமிருந்து கிழக்கே ஓடுகிறவர்களும் ரஷ்யரிடமிருந்து மேற்கே ஓடுகிறவர்களும் நடுவில் மோதிக்கொள்கிறார்கள். பெரும்பகுதி வீட்டில் காத்திருக்கிற பெண்களின் கதை. அன்னாவின் கணவன் குளிருக்காக நண்பனின் ஸ்வெட்டரைப் போட்டிருந்தான், அதனால் பட்டியலில் நண்பனின் பெயர் வந்துவிடுகிறது, அன்னா தன் கணவன் பிழைத்திருப்பான் என்று நம்புகிறாள். அனியேலா இருக்கிறார் அந்தக் காட்சியில். நடுப்பகுதி கொஞ்சம் தடுமாறுகிறது, பாத்திரங்கள் வந்து வந்து போகிறார்கள். கடைசிப் பதினைந்து இருபது நிமிடம் கொலை மட்டும். ஒவ்வொருவராகக் கொண்டுவந்து, கையைக் கட்டி, சுட்டு, ரத்தத்தைக் கழுவி, அடுத்தவர். எவரும் வீரவசனம் பேசுவதில்லை, பாதியில் அறுந்த ஜெபம் மட்டும். அறுபத்தேழு வருடம் யாரும் காட்டாததை, எதையும் அழகாக்காமல் காட்டியிருக்கிறார். 'லோட்னா' எடுத்தவர்தான் இதையும் எடுத்தார்.

2010 ஏப்ரலில் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியிலேயே படம் ஒளிபரப்பானது. காத்தின் நினைவு நிகழ்ச்சிக்குப் போன போலந்து ஜனாதிபதியின் விமானம் ஸ்மொலென்ஸ்கில் விழுந்த மறுநாள் இன்னும் பெரிய அலைவரிசையில் மறுபடி காட்டினார்கள். லட்சக்கணக்கான ரஷ்யர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்ட நண்பர்களுக்கு: 'கனால்', உடனே 'சாம்பலும் வைரமும்', இரண்டுக்கும் புதுப்பித்த நல்ல பிரதிகள் இருக்கின்றன. 'பளிங்கு மனிதன்' பார்த்த அதே வாரத்தில் 'இரும்பு மனிதன்' பார்த்துவிடுங்கள், இடைவெளி விட்டால் கல்லறைக் காட்சியின் கனம் போய்விடும். 'வாக்களிக்கப்பட்ட பூமி'க்கு நேரம் ஒதுக்கி உட்காருங்கள், மூன்று மணி நேரத்தை நெருங்குகிற படம். 'காத்தின்' கடைசியில், முடிந்தால் கூட ஒருவரை வைத்துக்கொண்டு.